ஒதுக்குப்புற விடுதியில் ஒரு கொலை: முதலில் எந்த நாவலை எடுப்பது?

துப்பறியும் நாவல்களில் எனக்கு ரொம்பப் பிடித்த களம், ஊரைவிட்டு ஒதுங்கி நிற்கும் சின்ன விடுதி. ஏழெட்டுப் பேர் தங்கியிருப்பார்கள். ஒருவரை ஒருவர் முன்பின் தெரியாது, அல்லது தெரியாதவர்கள் போல நடந்துகொள்வார்கள். வெளியே பனி கொட்டும், இல்லாவிட்டால் புயல். விடிந்து பார்த்தால் ஆள் ஒன்று குறையும். இந்த அமைப்பில் உலகமெங்கும் புத்தகங்கள் வந்து குவிந்திருப்பதால், புதிதாகப் படிக்க வருகிறவர்கள் எதில் ஆரம்பிப்பது என்று திணறுகிறார்கள். ஆறு புத்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டு இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன். கொலையாளி யார் என்பதற்கான சாடை எங்கும் வராது. பெரும்பாலும் ஆரம்ப அத்தியாயங்களில் தெரியவருவதை மட்டும்தான் தொடப்போகிறேன், ஆகவே தைரியமாகப் படிக்கலாம்.

அதற்கு முன் ஓர் அளவுகோல் வேண்டும். நான் வைத்திருப்பது இதுதான்: கதையிலிருந்து அந்த விடுதியை எடுத்துவிட்டு, அதே ஆட்களை லண்டனிலோ பாரிசிலோ ஒரு அடுக்குமாடி வீட்டில் கொண்டுபோய் உட்கார வைத்தால் அந்தக் கொலை நடக்குமா? நடக்கும் என்றால் விடுதி வெறும் பின்னணிப் படுதா. நடக்காது என்றால்தான் அதை விடுதிக் கதை என்று மனமார ஒத்துக்கொள்வேன். விடுதிக்கென்றே சில குணங்கள் இருக்கின்றன. வருகிறவர் பதிவேட்டில் எழுதும் பெயரை நம்பியாக வேண்டும். எந்த அறையைப் பூட்டினாலும் இன்னொரு சாவி முதலாளியிடம் இருக்கும். எல்லோரும் ஒரே அடுப்பில் வெந்ததைச் சாப்பிடுகிறார்கள், ஒரே பாட்டிலிலிருந்து குடிக்கிறார்கள். அங்கே ஒருவர் செத்துப்போனால், துக்கப்படுவதற்கு முன்பே முதலாளிக்குத் தன் பிழைப்பைப் பற்றிய பயம் வந்துவிடும். இவற்றில் ஏதாவது ஒன்றையாவது எழுத்தாளர் கெட்டியாகப் பிடித்திருக்கிறாரா என்று பார்க்கிறேன்.

இந்த அளவுகோலில் முதலில் விழுந்துவிடுவது, பலரும் உடனே பரிந்துரைக்கும் ஒரு புத்தகம். அகதா கிறிஸ்டியின் 'தி சிட்டாஃபோர்ட் மிஸ்டரி', 1931-ல் வந்தது. இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தில் டார்ட்மூர் என்ற மேட்டுநிலத்தின் விளிம்பில் ஒரு குக்கிராமம், வண்டி போக முடியாதபடி பனி. ஆவியோடு பேசும் விளையாட்டு நடக்கிறது. மேசை தட்டித் தட்டி, கேப்டன் ட்ரெவெல்யன் கொல்லப்பட்டுவிட்டார் என்று எழுத்தெழுத்தாகச் சொல்கிறது. அவருடைய நண்பர் மேஜர் பர்னபி மனசு கேட்காமல் ஆறு மைல் பனியில் நடந்தே போய்ப் பார்க்கிறார். கிறிஸ்டி எழுதிய தொடக்கங்களில் மிகச் சிறந்தவற்றுள் இது ஒன்று என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பக்கத்து ஊரில் 'த்ரீ கிரவுன்ஸ்' என்று ஒரு விடுதியும் இருக்கிறது, சந்தேகத்துக்கு ஆளாகும் இளைஞன் தங்கியது அங்கேதான். அவனை மீட்க வரும் எமிலி என்ற பெண்தான் கதையின் உயிர். ஆனால் கொலை நடப்பது ஒரு தனி வீட்டில். விடுதி, ஆட்கள் வந்து போவதற்கான ஓர் இடம், அவ்வளவுதான். நல்ல நாவல், ஆனால் நாம் தேடுவது அது இல்லை. ஒரு தகவல் மட்டும் சொல்லிவிடுகிறேன்: முதல் உலகப் போர்க் காலத்தில் கிறிஸ்டி தன் முதல் நாவலின் கடைசிப் பகுதிகளை எழுதியது இதே டார்ட்மூரில், ஹேட்டார் என்ற இடத்தில் இருந்த ஒரு ஹோட்டலில் அறை எடுத்துத்தான். காலையில் எழுதிவிட்டு, பிற்பகலில் மேட்டுநிலத்தில் தனியாக நடந்தபடி பாத்திரங்களின் வசனங்களை வாய்விட்டுப் பேசிப் பார்ப்பாராம். அந்த நிலம் அவர் கதைகளில் திரும்பத் திரும்ப வருவதில் ஆச்சரியமில்லை.

அடுத்தது ஜார்ஜ் சிமெனோனின் 'தி யெல்லோ டாக்', இதுவும் 1931. பிரான்சின் பிரிட்டனி கரையில் கான்கார்னோ என்ற துறைமுக ஊர். நவம்பர் மாத இரவு, புயல் காற்று. ஊரின் மது வியாபாரி ஒருவர் 'அமிரால்' ஹோட்டலில் சீட்டாடிவிட்டு வீட்டுக்குக் கிளம்புகிறார். சுருட்டைப் பற்ற வைக்கக் காற்று விடவில்லை. காலியாகக் கிடக்கும் ஒரு வீட்டு வாசல்படியில் ஒதுங்கி நின்று தீக்குச்சியைக் கிழிக்கிறார். அடுத்த கணம் தள்ளாடிக் கீழே விழுகிறார். பூட்டிய கதவின் தபால் ஓட்டை வழியாக உள்ளிருந்து யாரோ சுட்டிருக்கிறார்கள். எங்கிருந்தோ வந்த ஒரு மஞ்சள் நாய் அவர் பக்கத்தில் நிற்கிறது. விசாரிக்க வரும் போலீஸ் அதிகாரி மேக்ரே அதே ஹோட்டலின் காபிக் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது, மேசைக்கு வந்த மதுவில் வெள்ளைத் துகள்கள் மிதப்பதை ஒருவர் கவனிக்கிறார். சோதித்துப் பார்த்தால் ஸ்ட்ரிக்னின் என்ற கொடிய விஷம்.

சிமெனோன் மற்றவர்களுக்கு நேரெதிராக ஒரு காரியம் செய்கிறார். விடுதிக் கதை என்றால் வெளியுலகத் தொடர்பு அறுந்துபோகும். இங்கே செய்தி பரவியதும் பத்திரிகைக்காரர்கள் கூட்டம் கூட்டமாக வந்து ஹோட்டலை நிறைத்துவிடுகிறார்கள். ஊர் பயத்தில் உறைய, அந்த ஒரு கூடத்தில் மட்டும் டெலிபோன் மணியும் தட்டச்சுச் சத்தமும். நடுவில் எம்மா என்ற பணிப்பெண், அவள் காலடியில் அந்த நாய். மேக்ரே கேள்விகளைவிட அவள் முகத்தைத்தான் அதிகம் பார்க்கிறார். புதிரை நீங்களே அவிழ்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டால் இந்தப் புத்தகம் உங்களுக்கு இல்லை. சிமெனோன் தடயங்களை வரிசையாக உங்கள் முன் வைக்க மாட்டார். ஒரு சின்ன ஊரின் பெரிய மனிதர்கள் யாரை எப்படி நசுக்கினார்கள் என்பதில்தான் அவருக்கு அக்கறை. மெலிந்த புத்தகம், சின்னச் சின்ன வாக்கியங்கள். ஆங்கில நாவல் படித்துப் பழக்கமில்லாதவர்களுக்கு மொழி அளவில் இதுவே மிக எளிது. அளவுகோலில் பாதி மதிப்பெண் கொடுப்பேன்.

சரி, இனி முக்கியமான நாலுக்கு வருவோம்.

கிறிஸ்டியின் 'த்ரீ பிளைண்ட் மைஸ்' நாவல் என்று சொல்ல முடியாத நீளம், ஆனால் இதை விட்டுவிட்டு இந்த வகையைப் பற்றிப் பேச முடியாது. 1947-ல் ராணி மேரியின் 80-வது பிறந்தநாளுக்காக பிபிசி கேட்டு, கிறிஸ்டி எழுதிய வானொலி நாடகம் இது. மே 30 அன்று ஒலிபரப்பானது. பிறகு குறுநாவலாக எழுதினார். பிறகு 'தி மவுஸ்டிராப்' என்ற பெயரில் மேடை நாடகமாக்கினார். 1952 நவம்பர் 25-ல் லண்டன் அம்பாசடர்ஸ் அரங்கில் தொடங்கியது, 1974-ல் பக்கத்து செயின்ட் மார்ட்டின்ஸ் அரங்குக்கு இடம் மாறியது, கொரோனாவுக்காக 2020 மார்ச்சில் நிறுத்தியதைத் தவிர ஓடிக்கொண்டே இருக்கிறது. காட்சி முடிந்ததும் நடிகர் ஒருவர் முன்னால் வந்து, முடிவை வெளியே சொல்லிவிடாதீர்கள் என்று பார்வையாளர்களைக் கேட்டுக்கொள்வது வழக்கம்.

கதையில் மோலி, ஜைல்ஸ் என்ற இளம் தம்பதி. மோலிக்கு வாரிசுரிமையாக வந்த பழைய பெரிய வீட்டை 'மங்க்ஸ்வெல் மேனர்' என்ற விடுதியாக மாற்றியிருக்கிறார்கள். அனுபவம் கொஞ்சமும் கிடையாது. முதல் நாளே பனி கொட்டுகிறது. வருகிறவர்கள் ஒவ்வொருவரும் ஒரு தினுசு. தலைமுடி கலைந்த இளைஞன், எதற்கெடுத்தாலும் குறை சொல்லும் அம்மாள், அதிகம் பேசாத மேஜர், கார் பனியில் கவிழ்ந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு முன்பதிவில்லாமல் வந்து சேரும் ஒரு வெளிநாட்டுக்காரர். லண்டனில் ஒரு பெண் கொலையாகியிருக்கிறாள். அங்கே கிடைத்த குறிப்புப் புத்தகத்தில் இந்த விடுதியின் முகவரி இருக்கிறது. போலீஸ் சார்ஜென்ட் ஒருவர் பனிச்சறுக்குக் கட்டைகளைக் கட்டிக்கொண்டு வந்து சேருகிறார். அப்புறம் டெலிபோன் செத்துப்போகிறது. உள்ளே ஏழு பேர்.

இந்த விடுதியின் பலம் அதன் புதுமைதான். நடத்துகிறவர்களுக்கே வருகிறவர்கள் யார் என்று தெரியாது. வீட்டைப் பற்றிய கவலை, கொதிகலன், டப்பா உணவு, நாளைக்கு என்ன சமைப்பது என்று மோலி அல்லாடிக்கொண்டிருக்கும்போதே, கூடவே இருக்கும் கணவனைப் பற்றிக்கூடத் தனக்கு எவ்வளவு தெரியும் என்ற கேள்வி அவளுக்குள் முளைக்கிறது. போர் முடிந்த கையோடு அவசரமாகத் திருமணம் செய்துகொண்ட ஒரு தலைமுறைக்கு அது நிஜமான பயம். 1947-ன் தொடக்கத்தில் பிரிட்டன் மிகக் கடுமையான பனிக்காலத்தையும் நிலக்கரித் தட்டுப்பாட்டையும் பார்த்திருந்தது. மே மாதம் வானொலி முன் உட்கார்ந்தவர்களுக்கு அந்தக் குளிர் உடம்பில் இன்னும் இருந்திருக்கும். கதையின் வேரும் நிஜத்தில் இருக்கிறது. 1945 ஜனவரியில் ஷ்ராப்ஷயர் பண்ணையொன்றில் வளர்ப்புக்கு விடப்பட்ட டென்னிஸ் ஓ'நீல் என்ற 12 வயதுச் சிறுவன் கொடுமைக்கு ஆளாகி இறந்தான். அது நாட்டையே உலுக்கி, அரசு விசாரணை வரை போனது. அந்தச் சம்பவம் கிறிஸ்டியின் மனதில் தங்கிவிட்டது. இதைத் தெரிந்துகொண்டு படித்தால் கதையில் திரும்பத் திரும்ப வரும் 'த்ரீ பிளைண்ட் மைஸ்' என்ற குழந்தைப் பாட்டு வேறு மாதிரி ஒலிக்கும்.

நாடகமா, குறுநாவலா என்றால் குறுநாவலையே சொல்வேன். நாடகத்தில் கூடுதலாக ஒரு விருந்தாளி வருகிறார், அது மேடையில் சுவாரஸ்யம். உரைநடையில் ஆட்கள் குறைவு என்பதால் இறுக்கம் அதிகம். இங்கிலாந்தில் நாடகம் ஓடுகிற வரை கதையைப் புத்தகமாகப் போடக்கூடாது என்று ஏற்பாடு. அமெரிக்காவில் 1950-லேயே வேறு எட்டுக் கதைகளோடு சேர்த்துத் தொகுப்பாக வந்துவிட்டது. ஒரே இரவில் முடித்துவிடலாம். குறை என்று சொன்னால், பாத்திரங்கள் எல்லோரும் ஒரே கோட்டில் வரைந்த மாதிரி இருப்பார்கள். வேகத்துக்காகக் கொடுத்த விலை அது.

வேகத்தை விட்டுக்கொடுத்தாலும் பரவாயில்லை, விடுதி என்ற இடத்தின் வாசனை வேண்டும் என்பவர்களுக்கு நயோ மார்ஷின் 'டெத் அட் தி பார்', 1940. இந்தப் புத்தகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவாக இருப்பது எனக்கு வருத்தம். மார்ஷ் நியூசிலாந்துக்காரர், நாடக இயக்குநர். 1934 முதல் 1982 வரை ராடெரிக் அலெய்ன் என்ற ஸ்காட்லாந்து யார்டு அதிகாரியை வைத்து 32 நாவல்கள் எழுதினார். இந்த நாவலில் டெவன் கடற்கரையில் ஆட்டர்கோம்ப் என்ற மீனவக் கிராமம், அதில் 'பிளூம் ஆஃப் ஃபெதர்ஸ்' என்ற விடுதி. மாடியில் தங்கும் அறைகள், கீழே ஊர்க்காரர்கள் சாயங்காலம் கூடும் மதுக்கூடம். லண்டன் வக்கீல் லூக் வாட்ச்மேன், நடிகரான அவருடைய ஒன்றுவிட்ட சகோதரர், அவர்களுடைய ஓவிய நண்பர் என்று மூவர் விடுமுறைக்கு வந்திருக்கிறார்கள்.

ஓர் இரவு மதுக்கூடத்தில், பலகையைக் குறிவைத்துச் சின்ன அம்புகளை எறியும் டார்ட் விளையாட்டு. லெக் என்பவர், வந்து சில மாதங்களே ஆனவர், குறி தவறாமல் எறிவதில் கெட்டிக்காரர். பலகையில் ஒருவர் கையை விரித்து வைத்தால், விரல்களுக்கு இடையே டார்ட்டுகளைப் பாய்ச்சிக் காட்டுவேன் என்கிறார். வாட்ச்மேன் கையை வைக்கிறார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு டார்ட் விரலில் குத்திவிடுகிறது. சின்னக் காயம். பிராந்தி கொடுக்கிறார்கள். சில நிமிடங்களில் வாட்ச்மேன் செத்துப்போகிறார். டார்ட் நுனியில் சயனைட் தடயம். விடுதிக்காரர் ஏபெல் பொமராய் எலிகளைக் கொல்ல வாங்கி வைத்திருந்த விஷம் அது, பூட்டிய அலமாரியில் இருந்தது. டார்ட்டுகளோ அன்றைக்குத்தான் பிரித்த புது செட், அத்தனை கண்களும் அவற்றின் மேல்தான் இருந்தன. அப்படியென்றால் விஷம் எப்போது, எப்படி?

அளவுகோலில் இந்த நாவல் முழுசாகத் தேறுகிறது. கொலைக்கு உதவிய ஒவ்வொரு பொருளும் அந்த விடுதிக்குள் அன்றாடம் புழங்குவது: டார்ட் பலகை, பிராந்தி, எலி விஷம், அலமாரி. இங்கே பனி இல்லை. இருந்தாலும் அந்த அறைக்குள் அன்றைக்கு இருந்தவர்களைத் தவிர வேறு யாரும் செய்திருக்க முடியாது. இதைவிட எனக்குப் பிடித்தது வழக்கு அலெய்னிடம் வந்து சேரும் விதம். விடுதிக்காரரின் கவனக்குறைவால்தான் விஷம் கலந்துவிட்டது என்று ஊரில் பேச்சு கிளம்புகிறது. பேர் கெட்டுப்போவதைத் தாங்க முடியாமல் ஏபெல் பொமராயே கிளம்பி லண்டனுக்குப் போய் ஸ்காட்லாந்து யார்டில் அலெய்னைப் பார்க்கிறார். பெரும்பாலான கதைகளில் விடுதி முதலாளி சாவியைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வார். இங்கே தன் கூரையின் கீழ் நடந்ததற்கு விடை வேண்டும் என்று கேட்கிறவரே அவர்தான்.

சிரமங்கள் இரண்டு. நடுப்பகுதி முழுக்க விசாரணை: யார் எங்கே நின்றார்கள், யார் கையில் எந்தக் கோப்பை, பிராந்தியை ஊற்றியது யார் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டே போகிறார்கள். ஒரு தாளில் அந்த மதுக்கூடத்தைப் படமாக வரைந்து ஆட்களைக் குறித்துக்கொண்டால் அலுப்பு பாதியாகக் குறையும், கூடவே விடையை நெருங்கவும் வாய்ப்பு உண்டு. ஏனென்றால் மார்ஷ் நேர்மையாகவே ஆடுகிறார். இன்னொன்று மொழி. ஏபெலும் ஊர்க்காரர்களும் பேசும் டெவன் வட்டார வழக்கை மார்ஷ் உச்சரிப்பு மாறாமல் எழுத்தில் கொண்டுவந்திருக்கிறார். ஆங்கிலம் சரளமாக வராதவர்களுக்கு முதல் ஐம்பது பக்கம் முட்டும். வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், பாதி புரிந்துவிடும்.

ஜப்பானுக்குப் போவோம். செய்ஷி யோகோமிசோவின் 'தி ஹோன்ஜின் மர்டர்ஸ்' 1946-ல் தொடராக வந்தது. போரின்போது டோக்கியோவிலிருந்து ஒகயாமா பகுதிக்கு இடம்பெயர்ந்து வாழ்ந்தவர் யோகோமிசோ, கதையும் அங்கே ஒரு கிராமத்தில் 1937 நவம்பரில் நடக்கிறது. ஹோன்ஜின் என்றால் எடோ காலத்தில் (17 முதல் 19-ம் நூற்றாண்டு வரை) பிரபுக்கள் நெடுஞ்சாலையில் பயணம் போகும்போது தங்குவதற்கென்று அங்கீகரிக்கப்பட்ட விடுதி. சாதாரண வழிப்போக்கர்களுக்கு அங்கே இடமில்லை. இச்சியனாகி குடும்பம் ஒரு காலத்தில் அப்படிப்பட்ட விடுதியை நடத்திய வம்சம். அந்தக் காலம் போய்விட்டது, பெருமை மட்டும் வீடெங்கும் பரவியிருக்கிறது. மூத்த மகன் கென்சோ, தங்கள் அந்தஸ்துக்குக் குறைந்த குடும்பத்துப் பெண்ணை மணக்கிறான். கல்யாண ராத்திரி, விடிவதற்கு முன், தம்பதி இருந்த தனிக்கட்டடத்திலிருந்து அலறல். கூடவே கோட்டோ என்ற நரம்புக் கருவியை யாரோ வெறித்தனமாக மீட்டும் சத்தம். கதவை உடைத்துப் போனால் இருவரும் ரத்த வெள்ளத்தில். வெளியே பனியில் காலடித் தடமே இல்லை. தோட்டத்தில் கல்விளக்கின் அருகே வாள் மட்டும் தரையில் குத்தி நிற்கிறது.

மர்மத்தின் நுட்பம் என்று மட்டும் பார்த்தால் ஆறிலும் இதற்குத்தான் முதலிடம். தலையைச் சொறிந்துகொண்டு, திக்கித் திக்கிப் பேசும் கொசுகே கிண்டைச்சி என்ற இளம் துப்பறிவாளர் அறிமுகமாவதும் இதில்தான். ஆனால் இது இப்போது விடுதி இல்லை, விடுதியாக இருந்த குடும்பம். முன்பின் தெரியாதவர்கள் ஒரு கூரையின் கீழ் கூடும் பதற்றம் கிடைக்காது, ஒரே குடும்பத்துக்குள் புழுங்கும் பதற்றம்தான். சாதி, அந்தஸ்து, கல்யாணப் பேச்சு, மூத்தவர்களின் வறட்டுக் கௌரவம் என்று வரும் பகுதிகளை நம் ஊர் வாசகர்கள் யாரும் விளக்கிச் சொல்லாமலே புரிந்துகொள்வார்கள். 200 பக்கத்துக்குள் முடிந்துவிடும். லூயிஸ் ஹீல் கவாய் 2019-ல் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு தெளிவாக இருக்கிறது. பெயர்கள் குழப்பும், வம்சாவளியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, ஆறில் என் மனசுக்கு நெருக்கமானது. சோவியத் ரஷ்யாவின் ஆர்க்காதி, போரிஸ் ஸ்ட்ருகாட்ஸ்கி சகோதரர்கள் 1970-ல் வெளியிட்ட 'தி டெட் மவுண்டனியர்ஸ் இன்'. பெயர் சொல்லாத ஏதோ ஓர் ஐரோப்பிய நாடு. மலைக்கு நடுவே பள்ளத்தாக்கில் விடுதி, உள்ளே வர ஒரே ஒரு குறுகிய கணவாய். இன்ஸ்பெக்டர் பீட்டர் கிளெப்ஸ்கி விடுமுறைக்கு வருகிறார். அவர் துறை கையாடல், கள்ளப் பத்திரம், போலி ஆவணம். கொலை வழக்கு அவருக்குப் பழக்கமே கிடையாது. பனிச்சறுக்கு ஆட வேண்டும், வெயிலில் படுக்க வேண்டும், சாயங்காலம் முதலாளியோடு உட்கார்ந்து குடிக்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

முதலாளி அலெக் ஸ்னெவார் தொழிலை நன்றாகத் தெரிந்தவர். முன்பு அங்கே தங்கியிருந்து மலையிலிருந்து விழுந்து இறந்துபோன ஒரு மலையேறியின் அறையை அவன் விட்டுப்போனபடியே வைத்து, விருந்தாளிகளுக்குக் காட்சிக்கு வைத்திருக்கிறார். அவனுடைய செயின்ட் பெர்னார்ட் நாய் லெல் இன்னும் விடுதியில் திரிகிறது. ஆவி நடமாட்டம் என்று சொல்லும்படி சில சேட்டைகளும் நடக்கின்றன. குளியலறையில் தண்ணீர் ஓடும், உள்ளே ஆள் இருக்காது. செருப்பு இடம் மாறும். கிளெப்ஸ்கி சிரித்துக்கொள்கிறார். அப்புறம் ஒரு நாள் அவர் மேசையில் ஒரு துண்டுச்சீட்டு: ஹின்கஸ் என்ற பெயரில் தங்கியிருப்பவன் ஆபத்தான கொள்ளைக்காரன், விருந்தாளி ஒருவரைக் கொல்லப் பார்க்கிறான் என்று. அன்று இரவே பனிச்சரிவு கணவாயை மூடுகிறது. உள்பக்கம் பூட்டிய அறையில் ஒருவர் கழுத்து முறுகிய நிலையில் கிடக்கிறார்.

இங்கே விடுதியை எடுத்துவிட்டால் கதையே கிடையாது. பதிவேட்டில் இருக்கும் பெயர்களில் எது நிஜம் என்பதுதான் புதிரின் மையம். போலி ஆவணங்களைக் கண்டுபிடிப்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவரிடம் அந்தப் பெயர்களை ஒப்படைத்ததில்தான் இந்தச் சகோதரர்களின் சாமர்த்தியம் இருக்கிறது. ஆனால் கடைசிப் பகுதியில் துப்பறியும் கதையின் எல்லைக் கல்லையே பிடுங்கிவிடுகிறார்கள். எப்படி என்று சொல்ல மாட்டேன். அறிவியல் புனைவில் பேர் வாங்கியவர்கள் எழுதியது என்பதை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். விடையைக் கண்டுபிடித்த பிறகு ஒரு போலீஸ்காரன் சட்டப்படி நடப்பதா, மனிதனாக நடப்பதா என்ற கேள்வி எழுகிறது. கிளெப்ஸ்கி எடுக்கும் முடிவு எனக்கு இன்னும் உறுத்துகிறது. கணேஷ்-வசந்த் கதைகளில் அறிவியலும் அமானுஷ்யமும் மோதிக்கொள்ளும் இடங்களை ரசித்தவர்களுக்கு இது கண்டிப்பாகப் பிடிக்கும். தடயங்களை நாமே கோத்து விடை காண வேண்டும் என்று நூறு சதவீதம் எதிர்பார்ப்பவர்களுக்குக் கோபம் வரும்.

இவ்வளவு பிடித்தும் இதை முதலில் எடுக்கச் சொல்ல மாட்டேன். பூட்டிய அறை, அடைபட்ட வழி, கூடத்தில் எல்லோரையும் கூட்டி வைத்து விசாரிப்பது என்ற சடங்குகள் எல்லாம் உங்களுக்கு முதலில் பழகியிருக்க வேண்டும். அப்போதுதான் இந்த நாவல் அவற்றை ஒவ்வொன்றாக உடைக்கும்போது அதன் வலி தெரியும். பழக்கமில்லாமல் படித்தால் 'என்ன இப்படி முடித்துவிட்டார்கள்' என்று தோன்றிவிடும். அது புத்தகத்துக்குச் செய்கிற அநியாயம்.

ஆகவே என் தீர்ப்பு இப்படி. ஒரே ஒரு இரவுதான் இருக்கிறது, இந்த வகை தனக்கு ஒத்துவருமா என்று பார்க்க வேண்டும் என்றால் 'த்ரீ பிளைண்ட் மைஸ்'. ஏற்கெனவே கிறிஸ்டியைப் பத்துப் பதினைந்து படித்தாகிவிட்டது, அவருடைய சூட்சுமங்கள் அத்துப்படி என்றால் நேராக 'டெத் அட் தி பார்' போய்விடுங்கள். ஒரு முழு நாவலை மட்டும்தான் காசு கொடுத்து வாங்குவேன் என்கிறவருக்கும் அதையே சொல்வேன். பூட்டிய அறைப் புதிர்தான் உயிர் என்பவர்கள் யோகோமிசோவைத் தயங்காமல் எடுக்கலாம், விடுதிச் சூழல் குறைவு என்பதை மட்டும் முன்பே தெரிந்துகொண்டு. மனிதர்கள் முக்கியம், புதிர் இரண்டாம்பட்சம் என்றால் சிமெனோன்.

நண்பர்கள் சேர்ந்து ஒரே புத்தகத்தைப் படித்து விவாதிக்கிற வழக்கம் இருந்தால் கணக்கு மாறும். அங்கே பாதியில் நிறுத்தி, யார் செய்திருப்பார்கள் என்று ஆளாளுக்குத் தாளில் எழுதி மடித்து வைப்பதற்கு மார்ஷைவிட நல்ல புத்தகம் கிடையாது. அறைக்குள் இருந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான், எல்லோருக்கும் ஒரே தகவல்தான் கிடைத்திருக்கிறது. முடித்த பிறகு இரவெல்லாம் வாதாட வேண்டும் என்றால் ஸ்ட்ருகாட்ஸ்கி. கிளெப்ஸ்கி செய்தது சரியா தவறா என்று கேட்டுவிட்டு ஒதுங்கி உட்கார்ந்தால் போதும்.

அந்தப் புத்தகத்தை வாங்குகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 2015-ல் ஜோஷ் பில்லிங்ஸ் மொழிபெயர்ப்பில் வந்த ஆங்கிலப் பதிப்பில் முன்னுரை ஒன்று இருக்கிறது. அதையும் பின்னட்டை வாசகங்களையும் கதையை முடித்த பிறகு படியுங்கள். 1979-ல் எஸ்டோனியாவில் எடுத்த திரைப்படத்தையும் அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.